எட்டாம் பக்கத்துப் பாட்டு

செங்கல்வராயன் கம்பெனி போட்ட மாலையோடு மேடை ஏறினான். முத்தம்மாள் இடது கால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் குந்தியிருந்த கன்னியம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி பண்ணப் போற?"

"பாடி முடிக்கட்டும். எறங்கி வருவான் இல்ல? அப்ப குடுக்கறேன் மரியாதை."

எழுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம். கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு இரும்பாலையில் புது உலைக்குத் திறப்பு விழா.

தை பன்னிரண்டாம் தேதி காலையில்தான் ஒன்பது பேர் கயிறு இழுத்து அந்த உலையின் புகைபோக்கியை நிமிர்த்தினார்கள். மத்தியானத்துக்கு மேல் உச்சியிலிருந்த கப்பி அறுந்து அவர்களில் ஒருத்தன் தலையில் விழுந்தது. அவன் முத்தம்மாளின் புருஷன் குப்பன்.

அவள் ஓடிவந்தபோது பிணம் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கிடந்தது. "அப்படி ஒரு ஆளே இன்னிக்கு உள்ள வரலம்மா" என்று கையை விரித்தார்கள். வருகை எழுதும் மஸ்டரில் அவன் பேர் இல்லை. கூட இழுத்த எட்டுப் பேரும் வேலைக்குப் பயந்து வாயைத் தைத்துக்கொண்டார்கள்.

லேபர் ஆபீசர் தேசிகன் மட்டும் அவளை உட்காரவைத்துப் பேசினார். "உன் வார்த்தை மட்டும் போதாதும்மா. கம்பெனி முத்திரை போட்ட காகிதத்துல உன் புருஷன் பேர் ஒரு இடத்துல இருந்தா கொண்டா. மீதிய நான் பாத்துக்கறேன்."

அதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொல்லி அழுதாள். செங்கல்வராயன் வீட்டு வாசலிலும்தான்.

அவன் பாட்டுக்காரன். கயிறு இழுக்கிற இடத்தில் தனியாக நின்று, அங்கேயே பாட்டு கட்டிப் பாடி ஆளை இழுக்கவைப்பது அவன் வேலை. மீஞ்சூரிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் பாரம் ஏறின இடமெல்லாம் இருபது வருஷமாக அவன் குரல்தான். ரேஷன் அரிசியில் கிடந்த கல்லைப் பாடியதற்குப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தவன் ஜெயில் வாசலிலேயே நின்று ஜெயில் சோற்றுக் கல்லையும் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

அப்பேர்ப்பட்டவன் போன வாரம் தானாகவே மானேஜரிடம் போய், "உங்க விழாவுல நான் பாடறேன் சார்" என்றானாம்.

முத்தம்மாள் அவன் வாசலில் போய்க் காறித் துப்பினாள். ஊரே பார்த்தது. "எம் புருஷன் ரத்தம் இன்னும் காயல. அதுக்குள்ள அவங்க எச்சி எலைக்குப் போறியாண்ணே?" அவள் துப்பின இடத்தில் அவன் காலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

"பாட்டைக் குமாஸ்தாவ எழுத வெச்சி, திட்டு கீதான்னு மானேஜரு ரெண்டு தபா படிச்சாராம்டி" என்றாள் கன்னியம்மா. "மேஸ்திரியக் கிண்டல் பண்ண ரெண்டு வரிய மட்டும் அடிச்சிட்டு, விழாப் பொஸ்தகத்துல அச்சே போட்டுட்டாராம்."

"திட்டு இல்லாம அவனுக்கு இன்னா பாட்டு?"

முத்தம்மாளுக்கு அந்த மத்தியானம் நினைவு வந்தது. கேட்டண்டை கூழ் கொண்டுபோனாள். குப்பன் குடித்துக்கொண்டே சிரித்தான். "கை கொஞ்சம் தளந்துச்சி. பாட்டுக்கார மச்சான் உன் கூழையும் பாட்டுல இழுத்துட்டான்டி." அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது.

மானேஜர் மைக்கைப் பிடித்தார். "தை பன்னெண்டாம் தேதி இந்தப் புகைபோக்கி ஏறினப்போ நம்ம ஆளுங்க பாடின பாட்டு இது. விழா மலர்ல எட்டாம் பக்கம் பாருங்க."

செங்கல்வராயன் தொண்டையைக் கனைத்தான்.

"மீஞ்சூரு அரசப்பா, மீசைக்கு மட்டும் எண்ணெயாப்பா?"

"இழு சாமி இழு" என்று கூட்டத்திலிருந்து அரசப்பன் குரல் கொடுத்தான். பழக்கம் அப்படி. பேர் விழுந்தால் அந்த ஆள் பதில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவன் கை கயிற்றில் இல்லை என்று அர்த்தம்.

ஒவ்வொருத்தனாக எட்டுப் பேரையும் கிண்டல் பண்ணினான். எட்டுப் பேரும் பதில் கொடுத்தார்கள். மானேஜர் தொடையில் தாளம் போட்டார்.

இதோடு முடித்துவிடுவான் என்று முத்தம்மாள் செருப்பை இறுக்கிப் பிடித்தாள்.

செங்கல்வராயன் மாலையைக் கழற்றி மைக் கம்பியில் மாட்டினான்.

"முத்தம்மா கூழு குடிச்ச குப்பா, மூச்சு எங்க போச்சு குப்பா?"

பதில் இல்லை. தாளம் போட்ட கை அப்படியே நின்றது. முன்வரிசையில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

அரசப்பன் எழுந்தான். "இழு சாமி இழு." அவனைப் பார்த்து மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தலே எழுந்தது. மானேஜர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். கயிற்றுப் பாட்டுக்கு மைக் எதற்கு?

செங்கல்வராயன் இறங்கி நேராக முத்தம்மாளிடம் வந்தான். முந்தானை விலகிச் செருப்பு தெரிந்தது. அவன் கண்ணிலும் பட்டது.

"நீ துப்பினத வெச்சிதான் மானேஜரு என்னிய நம்பினாரு, தங்கச்சி" என்றான்.

செருப்பு அவள் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில், எட்டாம் பக்கத்தை மடித்த விழா மலரை வைத்தான்.

"ஆபீசர்கிட்ட குடு. குப்பன் பேரு கம்பெனி முத்திரையோட கீது."