முதுகைப் பார்க்க ஆள்

"எங்க வீட்டுக்காரர் செத்த ஏக்கம், டாக்டர். மேப்பிள் நொண்டுது, சாப்பாட்டைத் தொடமாட்டேங்குது," என்றாள் வின்னி, நாயை மேஜைமேல் ஏற்றிவிட்டு.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தார் கால்நடை மருத்துவர். "ஏக்கமாவது ஒண்ணாவது! மான் உண்ணி கடிச்சு, மூட்டுகளைத் தாக்குற லைம் நோய் வந்திருக்கு. ஒரு மாசம் மாத்திரை கொடுங்க, துள்ளி ஓடும்."

"தினமும் சீவி உண்ணி எடுக்கிறேனே!"

"ஒண்ணு தப்பியிருக்கும். ஆமா, நீங்க ஏன் நொண்டுறீங்க?"

"மூட்டு வலி, அசதி. துக்கம்னு ஊரே சொல்லுது."

"காட்டுப்பக்கம் போயிட்டு வந்தா உங்க முதுகுல உண்ணி இருக்கான்னு யார் பார்க்கிறது?"

"அவர்தான் பார்ப்பார்."

மருத்துவர் குரலைத் தணித்தார். "உங்களுக்கும் இதுவாத்தான் இருக்கும். உடனே போய்க் காட்டுங்க, மாத்திரையிலயே போயிடும்."

வின்னி நாயின் காதை வருடிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலை டாக்டர். இந்த வலியாவது அவருக்காகன்னு நெனச்சிருந்தேன்."