செல்வின், வியு

குரல்செய்தி ஷெர்லினின் போனுக்கு வந்தது.

சுவருக்கு அந்தப்புறம், பிளாரன்ஸ் மாமி வீட்டு முற்றத்தில் செபமாலை ஓய்ந்து, யாரோ மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கியிருந்தார்கள். மாமியின் மூத்த மகன் செல்வின் வேலை பார்த்த கப்பல் முந்தாநாள் கருங்கடலில் மூழ்கியிருந்தது.

அறியாத எண். ஒரு பெண்ணின் குரல் படபடவென்று பேசி முடித்தது. இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன.

செல்வின். வியு.

எண்ணின் தொடக்கத்தைத் தேடிப் பார்த்தாள். ருமேனியா.

விலங்கியல் படித்தபோது உயிரிகளின் லத்தீன் பெயர்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்த பழக்கம் அவளுக்கு. பனிமய மாதா திருவிழாப் பாடற்பூசையில் பாடும் விசுவாசப் பிரமாணத்தையும் அப்படித்தான் தோண்டியிருந்தாள். விவோஸ் எத் மோர்த்துவோஸ். சீவியரையும் மரித்தவரையும்.

வியு முதல் சொல்லின் பிள்ளை. இரண்டாவதன் பிள்ளை அல்ல.

கூட்டத்தில் வாயே திறக்காத ஷெர்லின், முற்றத்தின் நடுவில் போய் நின்று கத்தினாள்.

“மாமி, செபத்த நிறுத்துங்க!”

செபம் நின்றது. அவளுக்கு மூச்சு வாங்கியது. சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

“லத்தீன்ல விவுஸ், மாமி. பொம்பளைன்னா விவா. அதுவே ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் விவோ, பிரெஞ்சுல விஃப்…”

“ஏளா, போன் கம்பெனி பேரு சொல்லுத நேரமா இது?” செல்வினின் தம்பி மெல்வின் சீறினான்.

“ருமேனியாவுல வியு! நம்ம சீவனுக்கும் அதுக்கும் ஒரே வேருதான். உயிரோட இருக்காவ, மாமி!”

மெல்வின் ஷெர்லினின் போனைப் பிடுங்கி அந்த எண்ணை வீடியோவில் அழைத்தான்.

திரையில் ஒரு வெள்ளை உடுப்பு விலகியது. தலைக்கட்டோடு செல்வின் சிரித்தான்.

முற்றமே எழுந்துவிட்டது. ஒருத்தி மாதாவே என்று அலறினாள். இன்னொருத்தி குலவையிட்டாள். மாமி போனை வாங்கி, சுரூபத்தை முத்தி செய்வதுபோல் திரையில் உதடு பதித்தாள்.

“தம்பிக்கு அடிச்சிருக்கலாம்ல, பாவி? ரெண்டு நாளா செத்துப் பொழைக்கேன்!”

“என் போனு கடலோட போச்சும்மா. மனசுல இருந்த நம்பரு ஒண்ணே ஒண்ணுதான்.”

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள்.

ஷெர்லின் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.