தூக்குவாளியில் வெட்டிய பேர்

இரண்டு நாளாகப் பேசி, மொத்தம் நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. மயிலாப்பூர் மாடியறையில் விவாகரத்துக்குச் சமரசம் பேசிவைக்கும் வக்கீலம்மாவுக்கு மணிக்கு மூவாயிரம், ஆளுக்குப் பாதி. கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிற கணவர் ஜவஹர், ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லி நேரத்தைக் கரைக்கிறார். பேச்சியம்மாளுக்கு அதுதான் புரியவில்லை. ஆறு மாதமாகக் கடையிலேயே படுத்துக்கொள்கிறவர், காரணம் சொல்லாமல் பிரிவைக் கேட்டவர், கையெழுத்துப் போட ஏன் இத்தனை தயங்குகிறார்? ஜன்னல் வெயில் மேஜைமேல் இருக்கும் எவர்சில்வர் தூக்குவாளியில் பட்டுச் சுவரில் ஆடுகிறது. பங்கு பிரிக்காமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.

“யாரு பேரு வெட்டியிருக்கோ அவங்களுக்கு. பாத்துச் சொல்லுங்க சார்,” என்கிறார் வக்கீலம்மா.

தி.நகர் பாத்திரக் கடையில் இருபது வருஷமாகப் பேர் வெட்டுகிற ஜவஹர் தூக்குவாளியை எடுக்கிறார். முகம் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. கட்டைவிரல் மட்டும் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஊர்கிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

“நீங்களே வெட்டுன பேருதான? இதுக்கும் ஒரு மணி நேரக் காசு அழணுமா?” என்கிறாள் பேச்சியம்மாள்.

அவர் சிரிக்கவில்லை. சற்று முன் எதிரிலேயே கிடந்த பேனாவை அவர் கை மேஜையெல்லாம் துழாவியது அவளுக்கு நினைவு வருகிறது. அந்த விரலையே பார்க்கிறாள். கீழே ஒரு பஸ் ஹாரன் நீளமாக ஒலித்து ஓய்கிறது.

“ஏங்க, என்ன எழுதியிருக்கு?”

“உன் பேருதான். தடவித்தான் பாத்தேன். கண்ணுக்கு எழுத்து தெரியல, பேச்சி. மிச்சப் பார்வையும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”