வால் பக்கத்து ஊசி

"நான்தான் சார் மறந்துட்டேன். அப்படியே எழுதிக்குங்க. ஆனா அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. கொட்டகையில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே நின்ற தம்பிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் பல்லைக் குடைவார்; சாயங்காலமானால் இந்தக் கொட்டகைக்கு வந்து அலுமினியத் தகட்டைக் குடைவார். வருஷக்கணக்கில் குடைந்து குட்டி விமானம் ஒன்றைச் செய்து முடித்த பிறகுதான், அது வாசல் வழியாக வெளியே வராது என்பது வீட்டில் மூன்று பேருக்கும் உறைத்தது. வேறு வழியில்லாமல் சுவரை இடித்தார்கள். அன்றைக்கு அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது இடிந்த சுவர் வழியாக வெயில் மட்டும் உள்ளே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தனியாகக் கிளம்பினார். மைதானத்தைத் தாண்டுவதற்குள் விமானம் தலைகுப்புற விழுந்து, அவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தம்பி விளக்கினான். விமானத்தின் வால் பக்கத்து நட்டுகள் கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி ஊசியைச் செருகி நுனியை வளைத்துவிட வேண்டும். அண்ணியும் அவனும்தான் செருகுவார்கள். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர். சனிக்கிழமை சாயங்காலம் தான் ஒன்றை விட்டுவிட்டதாகவும், கேஸ் வந்தால் தன் மேலேயே வரட்டும் என்றும் சொன்னான்.

"விட்டுப்போன ஊசி எங்க தம்பி?"

"தூக்கிப் போட்டுட்டேன் சார்."

அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கம்பி ஊசி இருந்தது.

"சமையலறையில உங்க அண்ணி குடுத்தாங்க. தான்தான் மறந்துட்டேன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க."

தம்பி பொசுக்கென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்குமேல் அவனால் எதையும் மறைக்க முடியவில்லை. விபத்து நடந்த அன்று, கொட்டகைத் தரையிலிருந்து இந்த ஊசியை எடுத்து அண்ணி அவசரமாகக் கைக்குள் மூடிக்கொண்டதை அவன் பார்த்திருந்தான். அவர்தான் செருக மறந்துவிட்டார், அது தெரிந்தால் அவர் உயிரோடு இருக்க மாட்டார் என்று பயந்துபோனான். பள்ளிக்கூட நாளில் அவன் வாங்கிய முட்டை மார்க்குக்கெல்லாம் அண்ணனுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர் அண்ணி. அவருக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று தோன்றியது.

"அவங்க பேரை எழுதாதீங்க சார். எனக்கு இனிமே அவங்க மட்டும்தான்."

"அவங்களும் இதேதான் சொன்னாங்க. மறந்தது நீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

அதிகாரி எழுந்து வந்து ஊசியை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை ஒளிச்சு வைக்கிறதுலயே இருந்துட்டீங்க, ரெண்டு பேரும் உத்துப் பார்க்கல. நுனி வளைஞ்சிருக்கு பாருங்க, ஒரு தடவை மாட்டிக் கழட்டினது. கிளம்புறதுக்கு முன்னாடி உங்க அண்ணன் இதைக் கழட்டி, நட்டைச் சரிபார்த்துட்டு, வளைஞ்ச ஊசியைத் திரும்ப மாட்டக் கூடாதுன்னு புதுசு ஒண்ணு மாட்டியிருக்கார். முன்கண்ணாடியில பறவை வந்து மோதினதாலதான் விமானம் விழுந்துச்சு. வால் பக்கத்துல எல்லா ஊசியும் அதது இடத்துல அப்படியே இருக்கு தம்பி."