வத்தல் காவல்

முதல் துளி கழுத்தில் விழுந்தபோது ட்ரோன் பைபாஸ் ரோட்டுக்கு மேலே இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. சித்திரை மழை சொல்லிக்கொண்டா வரும்?

மொட்டைமாடி முழுக்க வேட்டி விரித்து வத்தல். காலையில் அத்தையும் அவளும் இடுப்பொடிய உட்கார்ந்து பிழிந்தது. பாதிகூடக் காயவில்லை. தொட்டால் இன்னும் விரலில் ஒட்டுகிறது.

பாலித்தீன் ஷீட் கைப்பிடிச் சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. மழை வந்தால் வத்தலை மூட வேண்டும். அதற்கும் காக்கா விரட்டவும்தான் அவளை மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

ஷீட்டை விரிக்க இரண்டு கை வேண்டும். இந்தக் காற்றில் ட்ரோனை வீட்டுக்குத் திருப்பவும் இரண்டு கை வேண்டும்.

அவள் ரிமோட்டை விடவில்லை.

போன் திரையில் ரோடு சுழன்றது. பரோட்டாக் கடையின் தகரக் கூரை, கல்யாண மண்டபம், வரிசையாக நிற்கும் லாரிகள் எல்லாம் பின்னால் போயின. பைபாஸை அவள் நேரில் பார்ப்பது அம்மா வீட்டுக்குப் போகிற அன்று மட்டும். அதுவும் புருஷன் தோளுக்கு மேலே எட்டி, பஸ் ஜன்னல் வழியாக. மற்றபடி இந்தத் திரைதான். தினம் ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். பாலம் வந்ததும் படம் நடுங்க ஆரம்பிக்கும்.

வா. வா. செல்லம்ல, வா.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான் அது. கல்லூரி நாளில் டியூஷன் எடுத்து வாங்கியது. கல்யாணமான புதிதில் இதே மாடியில் ஒருநாள் பறக்கவிட்டாள். ஊர் சிரிக்கும் என்றான் புருஷன். ஊருக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி. தம்பியிடம் கொடுத்துவிட்டேன் என்று மறுவாரம் அவனிடம் பொய் சொன்னாள். அதன்பிறகு அது வத்தல் கூடையின் அடியில், துணிக்குக் கீழே படுத்துக்கொண்டு மாடிக்கு வரும், போகும்.

தெரிந்தால் உடைத்துப் போடுவான். அதில் சந்தேகமே இல்லை. அதோடு மாடியும் போய்விடும்.

மற்ற வீட்டு மருமகள்கள் வத்தல் காவல் என்றாலே தலைவலி என்று படுத்துக்கொள்வார்கள். இவள் அரிசி ஊறும்போதே காவலுக்குத் தயார். இந்த வருஷம் ஒரு காக்காகூட வாய் வைக்கவில்லை என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தலைக்கு மேலே ஒன்று இரைந்துகொண்டு சுற்றினால் எந்தக் காக்கா வரும்?

மழை வலுத்தது.

திரையில் தண்ணீர் வழிந்தது. ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் நனைந்தால் முடிந்தது கதை. யார் வீட்டுக் கூரையிலாவது விழுந்து, யாராவது கொண்டுவந்து, நேரே அவன் கையிலேயே கொடுப்பார்கள்.

அவள் திரையை விட்டுவிட்டு வானத்தில் தேடினாள். கண்ணுக்குள் மழை விழுந்தது.

புளியமரத்துக்கு மேலே ஒரு புள்ளி.

ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடுமாறி, வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அது இறங்கும்வரை பொறுக்கவில்லை. எட்டிப் பிடித்தாள். இறக்கை விரலைக் கீறியது. ட்ரோனை முந்தானையால் துடைத்தாள். முந்தானையே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஷீட்டை இழுத்து அதைச் சுற்றினாள். போதவில்லை என்று தோன்ற, இன்னொரு சுற்று.

அதற்குப் பிறகுதான் வத்தலைப் பார்த்தாள்.

வத்தல் என்று அங்கே எதுவும் இல்லை. வேட்டி முழுக்கக் கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது.

கீழே ஓடலாம். படி நேராக முன்னறையில் போய் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை. அவன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஷீட்டோடு கூடைக்குள் அடங்காது. கையில் இவ்வளவு பெரிய பொட்டலம் என்ன என்று கேட்பான்.

மேலே ஒதுங்க ஒரு சாண் கூரை கிடையாது.

கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குத்தவைத்து, பொட்டலத்தை மடியில் வைத்துக் கவிழ்ந்துகொண்டாள். முதுகில் மழை அறைந்தது. எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கேயும் போக முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அத்தை. தலையில் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

கஞ்சியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மடியில் சுருண்டிருந்த ஷீட்டைப் பார்த்தாள்.

குனிந்து அதன் ஓரத்தை விலக்கினாள்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ கத்தப்போகிறாள். கத்தினால் அவன் மேலே வருவான்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை பக்கத்தில், ஈரத் தரையில், அவளைப் போலவே குத்தவைத்திருந்தாள். சாக்கின் ஒரு பாதி இவள் தலைமேலும் இருந்தது.

“இது எம்புட்டு தூரம் போவும்?”

“பைபாஸ் பாலம் வரைக்கும், அத்தை.”

“அதுக்கு அங்கிட்டு?”

“போவாது. சிக்னல் விட்டுப்போச்சுன்னா தானா வீட்டுக்குத் திரும்பிரும்.”

அத்தை பைபாஸ் இருக்கும் திசையைப் பார்த்தாள். மழையில் அங்கே எதுவும் தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“திரும்பித்தான் தீரணுமா?”



கீழேயிருந்து, டீ எங்கே என்று அவன் சத்தம் போட்டான்.

“இந்தா வாரேன்” என்றார்கள் இருவரும்.