சாப்பாட்டு நேரச் சண்டை

வெலிங்டனில் நாடகம் படிக்கும் சியாலேவுக்குத் தனியாகச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்குவதில்லை. டோங்காவில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, போனை மேஜைமேலயே வை. நீங்க சண்டை போடுறதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன்."

"சேப்பங்கிழங்கு வேகவே இல்ல" என்று ஆரம்பித்தார் அப்பா.

"பல்லு போனது உங்களுக்கு. கிழங்கை ஏன் குறை சொல்றீங்க?"

"உங்க அண்ணன் வீட்டுப் பன்னிகூட இதைத் தின்னாது."

"எங்க அண்ணனை இழுக்காதீங்க."

அப்பா இருமினார்.

சியாலேவின் தட்டு காலியானது. "நீங்க ரெண்டு பேரும் திருந்தவே மாட்டீங்க" என்று சிரித்தபடி போனை வைத்தாள்.

டோங்காவில் அப்பா இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

"பஞ்சு மாதிரி வெந்திருக்கு, லோசே. அவ போனதிலேர்ந்து நெஜமா சண்டை போடவே மனசு வரல. நாளைக்கு எதுக்குச் சண்டை?"

"அது இருக்கட்டும். இன்னிக்குச் சிரிப்பை அடக்க முடியாம இருமினீங்களே, அவ நாடகப் படிப்புல இன்னும் மொதல் வருஷங்கிறதால தப்பிச்சோம்."