வில்லிக்கு ஒரு நல்ல குணம்

"உங்க வில்லி மனுஷியா, பொம்மையா?"

எடுத்த எடுப்பிலேயே போனில் கேட்டார் டைரக்டர்.

"ஏன் சார்?" என்றாள் கதாசிரியை.

"முதல் சீன்லேர்ந்து கடைசி சீன் வரைக்கும் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருக்கா. ஒரு நல்ல குணமாவது வேணாமா? சாயங்காலத்துக்குள்ள மாத்தி அனுப்புங்க. இல்லேன்னா வேற ஆளை வச்சு எழுதிக்கறேன்."

வைத்துவிட்டார்.

முதல் படம். கை நழுவவிடக் கூடாது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

நல்ல குணத்துக்கு எங்கே போவாள்? தான் அண்ணி, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடும் மூத்த நாத்தனாரை அச்சு அசலாகப் பார்த்துத்தானே அந்த வில்லியை எழுதியிருந்தாள்! காலையில்கூட, "வெளியே முகத்தைக் காட்டாதே, உள்ளேயே கிட" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனவள்.

வில்லி தெருநாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி ஒரு சீன்?

ம்ஹூம். அண்ணி வைத்தால் நாயே நம்பாது. அழித்தாள்.

குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி?

வீறிட்டு அழும். அதையும் அழித்தாள்.

அன்று வீடு நிறைய விருந்தாளிகள். மாமியாரின் தங்கை குடும்பத்தோடு வந்திறங்கியிருந்தார். கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"எங்கே உங்க வீட்டு மருமக? சமையலுக்கு ஒத்தாசையா வரக்கூடாதா?"

"அவளா?" சமையலறையிலிருந்து அண்ணி கணீரென்று சொன்னாள். "காயை நறுக்கச் சொன்னா கையை நறுக்கிப்பா, சித்தி. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. அவளை அடுப்புப் பக்கம் விட்டா எல்லாரும் பட்டினிதான்!"

கூடமே சிரித்தது.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. உட்கார்ந்தாள். எழுந்தாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவைத் திறந்துகொண்டு விரைந்தாள்.

சமையலறை வாசலில் கால் நின்றது. உள்ளே மாமியார் மகளை அடங்கிய குரலில் கடிந்துகொண்டிருந்தார்.

"ஏண்டி, நேத்து அவ சமைச்சதை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டே. இன்னிக்கு வந்தவங்க முன்னாடி இப்படியா அவ மானத்தை வாங்குவே?"

மலையாகக் குவிந்த காய்களை ஒண்டியாளாக நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவேயில்லை.

"அவ கைப்பக்குவம் சித்திக்குத் தெரிஞ்சா அவ்வளவுதாம்மா, ஊருக்குக் கிளம்பற வரைக்கும் அவளை அடுப்பை விட்டு நகர விடமாட்டாங்க. அப்புறம் அவ எப்ப எழுதி முடிக்கறது?"